போர்ட் பிளேரின் அன்றாடத்தை 12 லட்சத்தில் படமாக்குவது: எதை அங்கே எடுப்பது, எதைக் கடலூர், புதுச்சேரியில் எடுப்பது?

முதுநகர்_ஃப்ரேம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் இருக்கிற 7 பேர் சேர்ந்து 90 நிமிடத் தமிழ்ப் படம் ஒன்று எடுக்கப் போகிறோம். களம் அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்). கதையில் கொலை, காதல், திருப்பம் எதுவும் இல்லை. சாத்தம்–பாம்பூ பிளாட் ஃபெரியில் வேலை பார்க்கிற அப்பா, ஜங்கிலிகாட்டில் மீன் விற்கிற அம்மா, பள்ளிக்கூடம் போகிற பையன். இந்த வீட்டில் ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்பதுதான் படம். நடிப்பவர்கள் பெரும்பாலும் புதியவர்கள், அந்த ஊர்க்காரர்கள்.

கையில் இருப்பது 12 லட்சம். வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் சுமார் 35 நிமிடம் வரும். அதை இங்கேயே முடித்துவிட்டால் தீவில் தங்கும் செலவு குறையும் என்று தோன்றுகிறது. கடற்கரைக் காட்சிகளில் சிலவற்றையும் தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ எடுக்கலாமா? எந்த மாதம் போவது? கேமரா, ஒலி, அனுமதி இவற்றில் எங்கே கை வைத்தால் சுடும்? நீலக் கடலும் செல்லுலார் சிறையும் காட்டுகிற சுற்றுலாப் படமாக இது ஆகிவிடக் கூடாது. அந்தக் கவலைதான் பெரிது.

---

ஒளியளவு

முதலில் கடிகாரத்தைப் பேசிவிடுவோம். கடலூர், புதுச்சேரி, போர்ட் பிளேர் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, 11.6 முதல் 11.9 பாகைக்குள். அதனால் பகலின் நீளமும் வெயில் விழும் கோணமும் ஒன்றேதான். ஆனால் போர்ட் பிளேர் நமக்கு 13 பாகை கிழக்கே இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால், ஒரே இந்திய நேரத்தில் அங்கே எல்லாம் சுமார் 50 நிமிடம் முன்னதாக நடக்கும். பிப்ரவரித் தொடக்கத்தில் இங்கே சூரியன் 6.35 வாக்கில் உதித்து 6.15 வாக்கில் மறைகிறது. அங்கே 5.45க்கு உதித்து 5.20, 5.25க்கெல்லாம் மறைந்துவிடும். 6 மணிக்கு நல்ல இருட்டு.

இது படப்பிடிப்பு அட்டவணைக்கு மட்டும் உரிய செய்தி இல்லை, திரைக்கதைக்கே உரியது. அப்பா வேலை முடிந்து 6 மணிக்கு வீடு திரும்பினால் அது இரவுக் காட்சி. கடைகளில் விளக்கு எரிய வேண்டும். "சாயங்காலம் 6 மணி, வாசலில் வெளிச்சம்" என்று திரைக்கதையில் இப்போது எழுதி வைத்திருந்தால் மாற்றுங்கள். அந்த ஊர்க்காரர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். சுவர்க் கடிகாரம் தெரியும் ஒவ்வொரு காட்சியையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயில் அங்கே 11.30ஐ ஒட்டி வருவதால் 9.30 முதல் 1.30 வரை முகங்களில் கண்குழி நிழல் விழும். அந்த நேரத்தை நிழலான இடங்களுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிவிட்டு, விடிகாலை 5.30–9, பிற்பகல் 2–5 என்று வேலையைப் பிரியுங்கள். மீன் இறங்குகிற நேரமும் விடிகாலைதான் என்பது உங்களுக்குச் சாதகம்.

மாதம்: பிப்ரவரி, மார்ச். அங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஆண்டுக்கு 3000 மி.மீ.யை ஒட்டிப் பெய்யும், புதுச்சேரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மே கடைசி முதல் டிசம்பர் வரை எந்த நாளையும் நம்ப முடியாது. மழையே படத்தின் ஒரு பாத்திரம் என்றால் வேறு கதை, ஆனால் 12 லட்சத்தில் மழைக்காகக் காத்திருக்க முடியாது.

கடற்கரையை இங்கே எடுப்பது வேண்டவே வேண்டாம். தேவனாம்பட்டினத்தில் நின்று பார்த்தால் வெறும் நேர்கோட்டுத் தொடுவானம், கரையில் உடைந்து விழும் அலை, பழுப்புத் தண்ணீர். போர்ட் பிளேர் துறைமுகப் பக்கம் தண்ணீர் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும், எதிரே எப்போதும் ஒரு பச்சை மேடு தெரியும். பழைய சிவப்பு 20 ரூபாய்த் தாளின் பின்பக்கம் இருப்பது அந்தப் பார்வைதான். தெருக்களும் ஒத்துவராது. அது ஏற்ற இறக்கமான ஊர், வீட்டு வாசலிலிருந்து பத்துப் படி இறங்கித்தான் சாலைக்கு வர வேண்டியிருக்கும். புதுச்சேரி தட்டையான ஊர். கடலூர் கேப்பர் மலைச் சரிவில் எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். செம்மண்ணும் முந்திரியும் ஃப்ரேமில் வந்து காட்டிக்கொடுக்கும்.

வீட்டுக்குள் எடுப்பதை இங்கே தாராளமாகச் செய்யலாம், ஆனால் வாடகை வீட்டில் வேண்டாம். நம் பக்கத்துக் காரைச் சுவரும் ஒட்டுத் திண்ணையும் அங்கே பொருந்தாது. பலகைச் சுவர், தகரக் கூரை கொண்ட பழைய வீடு என்றால் 12க்கு 14 அடியில் ஒரு அறையை ஏதாவது காலி ஷெட்டுக்குள் கட்டிவிடுங்கள். மூன்று சுவர் போதும்: 12, 14, 12 மொத்தம் 38 அடி. 8க்கு 4 ப்ளைவுட் 10 ஷீட். அதன்மேல் 4 அங்குல அகல ரீப்பரைக் கிடைமட்டமாக அடித்து, ஆயில் பெயின்ட்டை ஒரு கோட் அடித்துக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால் பழைய பலகை ஆகிவிடும். ஜன்னலுக்கு வெளியே வானம் தெரியவே கூடாது. அங்கே பக்கத்து வீட்டுச் சுவரோ சரிவோதான் தெரியும், ஆகவே ஜன்னலிலிருந்து 3 அடி தள்ளி இன்னொரு தகர ஷீட்டும் நாலு வாழையும் வையுங்கள். ஒன்று முக்கியம்: தீவில் எடுக்க வேண்டியதை முதலில் எடுங்கள், செட் பிறகு. அங்கே எடுத்த வாசல் ஷாட்டைப் பார்த்துத்தான் உள்ளே வெளிச்சம் வர வேண்டும்.

கேமரா எதுவானாலும் பரவாயில்லை, 10 பிட் பதிவு (நிறங்களை நுணுக்கமாகப் பதிவது) இருந்தால் போதும். விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுங்கள், ஷட்டர் 1/50 அல்லது 172.8 பாகை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 180 பாகையில் வைத்தால் கடைத் தெரு டியூப் லைட்டும் மலிவு எல்.இ.டி.யும் திரையில் மெல்லத் துடிக்கும். சின்ன மானிட்டரில் அது தெரியாது, தியேட்டரில்தான் தெரியும். லென்ஸ் இரண்டே போதும், 35 மி.மீ.யும் 50 மி.மீ.யும். ஆளுக்கு அருகில் போய் நின்று எடுங்கள். தூரத்திலிருந்து ஜூம் போட்டுச் சந்தையை எடுத்தால் வேடிக்கை பார்க்க வந்தவர் எடுத்தது மாதிரி இருக்கும், உங்கள் கவலைக்கு முதல் மருந்து இதுதான்.

ஈரப்பதம்: ஏ.சி. அறையில் இரவு வைத்த கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் உள்ளே பனி படியும். பையை மூடியபடியே வெளியே 40 நிமிடம் வைத்துவிட்டுத் திறங்கள். ஏ.சி. இல்லாத அறையே எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஃபெரி மேல்தளத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். மாலையில் உப்புப் படிந்த கேமரா உடம்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. உலர்ந்த துணியால் முதலில் துடைத்தால் உப்பே கீறிவிடும்.

---

பூம்_பிடிக்கிற_கை

கேமராவ பத்தி எல்லாரும் சொல்லுவாங்க, சவுண்டுக்கு யாரும் காசு ஒதுக்க மாட்டாங்க. கதைல சம்பவம் இல்லைன்னா படத்தத் தூக்கி நிறுத்தப் போறது சத்தம்தான். 12ல 2 லட்சம் ஒலிக்குன்னு இப்பவே எடுத்து வச்சிடுங்க, பதிவும் மிக்ஸிங்கும் சேத்து.

போன உடனே முதல் 3 நாள் கேமராவ வெளிய எடுக்காதீங்க. ரெக்கார்டர் மட்டும். ஃபெரி ஹாரன், சாய்தளம் இறங்குற சங்கிலிச் சத்தம், டுங்கி (சின்னப் படகு) இன்ஜின் தூரத்துல வர்றது, மீன் ஏலம், தகரக் கூரைல காலைல பனி சொட்டுறது, பஸ் ஸ்டாண்டு. ஒவ்வொண்ணும் ஸ்டீரியோல 2 நிமிஷம், கைய அசைக்காம. அதே இடத்துல விடிகாலை, மத்தியானம், ராத்திரி மூணு தடவை. இங்க செட்டுல எடுக்குற 35 நிமிஷத்துக்கும் அடியில ஓடப்போறது இதுதான். இது இல்லைன்னா முதுநகர் ஆட்டோ ஹாரனும் கோயில் ஸ்பீக்கரும் சேந்து உங்க வீட்டைக் கடலூருக்கே இழுத்துட்டு வந்துடும்.

ஃபெரில பேசுற காட்சி: இன்ஜின் அதிர்வு அடிமட்டத்துல ஓடிட்டே இருக்கும். 80 ஹெர்ட்ஸ்க்குக் கீழ ரெக்கார்டர்லயே வெட்டிடுங்க, புகைபோக்கிக்கு எதிர்ப் பக்கம் ஆளை நிறுத்துங்க. லேப்பல் மைக்கை சட்டைக்கு உள்ள, காலருக்குக் கீழ, மைக்ரோபோர் பிளாஸ்டர் போட்டு ஒட்டுங்க. அந்த ஊர் வேர்வைக்கு 2 மணி நேரத்துக்கு மேல தாங்காது, மாத்தணும். வெளில காத்துக்கு ஃபோம் மட்டும் போதாது, முடி வச்ச உறை கட்டாயம். எவ்வளவு பண்ணினாலும் நாலு வரி போயிடும். அதனால ஷாட் முடிஞ்சதும் படகு கரையில நின்னு இன்ஜின் அணைஞ்ச உடனே, அதே ஆளை அதே எடத்துல உக்கார வச்சு அந்த வசனத்தை மூணு தடவை பேச வச்சு எடுத்துடுங்க. புதுசா நடிக்கிறவங்களால ஆறு மாசம் கழிச்சு டப்பிங் தியேட்டர்ல அந்த மூச்சைக் கொண்டு வர முடியாது.

32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் (சத்தம் திடீர்னு ஏறினாலும் பதிவு உடையாது) கிடைச்சா எடுத்துக்குங்க, மீன்காரம்மா திடீர்னு கத்துவாங்க. கிடைக்கலைன்னா ரெண்டாவது டிராக்கை 12 டெசிபல் குறைச்சு வைங்க. ஒவ்வொரு இடத்துலயும் வேலை முடிஞ்சதும் எல்லாரையும் பேசாம நிக்க வச்சு, அந்த எடத்தோட வெறும் சத்தத்தை 60 செகண்டு பிடிங்க. அவசரத்துல முதல்ல விட்டுப்போறது இதுதான்.

செட்டுல தகரக் கூரை போட்டு மழை காட்டணும்னா கூரை மேல சாக்கை ரெண்டு மடிப்பா நனைச்சுப் போட்டுட்டு தண்ணி விடுங்க. வெறும் தகரத்துல விட்டா ஒரு வார்த்தை கேக்காது. மழைச் சத்தத்தைத் தனியா பிடிச்சுச் சேத்துக்கலாம்.

---

ஹேடோ_744102

இங்கிருந்து எழுதுகிறேன். பொருட்கள், பேச்சு, அனுமதி மூன்றைப் பற்றி மட்டும்.

பேச்சுதான் முதல். படம் முழுக்க எல்லோரும் தமிழ் பேசினால் அது போர்ட் பிளேர் ஆகாது. இங்கே பொதுமொழி இந்தி. தாய்மொழிக் கணக்கில் வங்காளம் முதலில் வரும். தமிழரும் தெலுங்கரும் நிறையப் பேர் இருக்கிறோம். கைதிகளாக வந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்கள், நிக்கோபாரிகள், எல்லோரும் சந்தையில் சந்திப்பது இந்தியில்தான். இந்த இந்தி டெல்லி இந்தி இல்லை, ஆண்பால் பெண்பாலுக்கெல்லாம் அதிகம் கவலைப்படாதது. ஆகவே வீட்டுக்குள் தமிழ், ஃபெரியில் இந்தி, அம்மா மீன் விற்கும்போது ஆளைப் பார்த்து மொழி மாறும். அந்த மாற்றத்தை நகைச்சுவையாக எழுதாதீர்கள், இங்கே அது மூச்சு விடுவதுபோல் இயல்பு. இந்தி வரிகளுக்குத் தமிழ் சப்டைட்டில் போடுங்கள், டப் செய்ய வேண்டாம். பையன் அம்மாவிடம் தமிழிலும் தம்பி தங்கையிடம் இந்தியிலும் பேசுவதாக வைத்தால் இன்னும் சரியாக இருக்கும்.

பொருட்கள்: வண்டி எண் AN என்று ஆங்கிலத்தில் தொடங்கும் 01 வரிசை, செட்டுக்கு அருகில் உங்கள் ஊர் PY 01 வண்டி நிற்காமல் பாருங்கள். அரசுப் பேருந்து எஸ்.டி.எஸ். கடிதம், பார்சலில் பின்கோடு 744101இலிருந்து. வீட்டில் கிடக்கும் செய்தித்தாள் 'டெய்லி டெலிகிராம்ஸ்' ஆக இருக்கட்டும். தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களின் நேரத்தை அதில்தான் பார்ப்போம். பெயர்ப்பலகையில் போர்ட் பிளேரா, ஸ்ரீ விஜயபுரமா என்பது கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 2024க்குப் பிறகு என்றால் அரசுப் பலகையில் புதுப் பெயர், வாயில் பழைய பெயர். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கும் அப்படியே: 2018 முதல் பலகையில் ஸ்வராஜ் த்வீப், ஷாஹீத் த்வீப்.

நீங்கள் எழுதியதில் தண்ணீரைக் காணோம். நகருக்குக் குடிநீர் பெரும்பாலும் தனிக்காரி அணையிலிருந்து வருகிறது. மழை நின்று கோடை ஏற ஏற, குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள்தான், சில நேரம் அதற்கும் மேல். பிப்ரவரி, மார்ச்சில் எடுக்கிறீர்கள் என்றால் வாசலில் டிரம், குடம், மோட்டார் நேரம், இவையெல்லாம் அந்த வீட்டின் ஒரு வாரத்தில் இருந்தே ஆக வேண்டும். அதேபோல வெங்காயம், உருளைக்கிழங்கு, மருந்து எல்லாம் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வருபவை. கப்பல் தாமதம் என்றால் கடையில் தெரியும். ஒரு வாரக் கதைக்குள் கப்பல் வரும் நாள் ஒன்று இருந்தால் திருப்பம் எதுவும் தேவைப்படாது.

அனுமதி: இந்தியக் குடிமக்கள் போர்ட் பிளேர் வரத் தனி அனுமதி வேண்டியதில்லை. படமெடுக்க வேண்டும். நிர்வாகத்தின் தகவல், விளம்பரம், சுற்றுலா இயக்ககத்தில் தொடங்குங்கள். கதைச் சுருக்கம், குழுவினரின் அடையாள நகல், இடம் வாரியாகத் தேதி, கருவிகளின் பட்டியல் வரிசை எண்ணோடு. ஃபெரிக்குக் கப்பல் சேவை இயக்ககம், ஜெட்டிக்குத் துறைமுகத் தரப்பு, சாத்தம் மர ஆலைப் பக்கம் என்றால் வனத்துறை எனத் தனித்தனி ஒப்புதல் தேவைப்படும். 2 மாதம் முன்பே அனுப்புங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது என்று எழுதிக் கொடுத்தால் வேலை சுலபம், ஏனென்றால் இங்கே 2001 முதல் முப்படைக் கூட்டுக் கட்டளை இருக்கிறது. துறைமுகத்தில் கடற்படைக் கப்பல் பின்னணியில் விழக் கூடாது. விமான ஓடுதளமும் கடற்படையுடையது, விமானம் இறங்குகிற ஷாட்டை மறந்துவிடுங்கள். ட்ரோனையும்தான். அது இல்லாமல் இருப்பதே உங்கள் படத்துக்கு நல்லது.

ஜாரவா பழங்குடியினர் பகுதி வழியாகப் போகும் அந்தமான் டிரங்க் சாலையில் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் அது குற்றம், 2012 திருத்தத்துக்குப் பின் தண்டனை இன்னும் கடுமை. உங்கள் கதைக்கு அந்தச் சாலை தேவையும் இல்லை.

---

முதுநகர்_ஃப்ரேம்

மூவருக்கும் நன்றி. கப்பல் வரும் நாளையும் தண்ணீர் வரும் நாளையும் திரைக்கதையில் சேர்க்கிறோம், மாலை 6 மணிக் காட்சிகள் இரவாகின்றன. இன்னும் இரண்டு கேள்வி. பையனுக்கு 10 வயது, படத்தில் பாதிக்கு மேல் வருகிறான். சட்டப்படி என்ன செய்ய வேண்டும்? பயணம், தணிக்கை, பணப் பிரிப்பு இவற்றையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கால்ஷீட்_கணக்கு

பணத்தை இப்படிப் பிரிப்பேன்: தீவில் 16 நாள் பயணம், தங்கல், சாப்பாடு, அங்குள்ளவர்களின் சம்பளம் 5 லட்சம், இங்கே செட்டும் 6 நாளும் 1.5, ஒலி 2, கேமரா வாடகை 1, கலர், சப்டைட்டில், தணிக்கை, டி.சி.பி. (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி) 1, மீதி 1.5ஐத் தொடவே கூடாது. அந்த 16 நாளில் 3 நாள் ஒலிக்கு, 11 நாள் படப்பிடிப்புக்கு, 2 நாள் வானிலைக்கு. கடல் கொந்தளித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள், அந்த 2 நாளை வேறு எதற்கும் கடன் கொடுக்காதீர்கள்.

சென்னையிலிருந்து கப்பலில் சுமார் 1,190 கி.மீ., இரண்டரை முதல் மூன்று நாள். விமானத்தில் 2 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஸ்டாண்டு, விளக்கு, கேபிளோடு இருவர் கப்பலில் முன்னதாகப் போகட்டும், மற்றவர் விமானத்தில். கப்பல் மாதத்துக்குச் சில முறைதான், ஆகவே கப்பல் தேதியை வைத்து மற்றத் தேதிகளைப் போடுங்கள், மாற்றி வேண்டாம். விமானத்தில் லித்தியம் உதிரி பேட்டரி கைப்பையில் மட்டுமே. 100 வாட் அவருக்குள் இருந்தால் சிக்கல் இல்லை, 98 வாட் அவர் வி-மவுண்ட் கேமரா பேட்டரி எடுத்துக்கொள்ளுங்கள். 100–160 என்றால் நிறுவனத்தின் ஒப்புதலோடு ஆளுக்கு 2. அதற்கு மேல் ஏற்ற விடமாட்டார்கள். முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள்.

புதியவர்கள் நடிப்பதால் 12க்கு 1 என்ற விகிதத்தில் (படத்தில் வரும் 1 நிமிடத்துக்கு 12 நிமிடம்) எடுப்பீர்கள், அதாவது 18 மணி நேரம். விநாடிக்கு 200 மெகாபிட்டில் மணிக்கு 90 ஜி.பி., மொத்தம் 1.6 டி.பி. 2 டி.பி. டிரைவ் மூன்று வாங்கி, தினமும் இரவில் மூன்றிலும் நகலெடுத்து, மூன்று பேர் வெவ்வேறு பயணத்தில் கொண்டு வாருங்கள். சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் 2020இல் வந்த பிறகு இணையம் நன்றாக இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பி டிரைவைக் குறைக்காதீர்கள்.

தணிக்கைக்கு முன்பே கவனிக்க வேண்டியவை இரண்டு. நாய், ஆடு, கோழி காட்சியில் வேலை செய்தால் விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். எடுத்த பிறகு கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். சந்தையில் தானாகக் குறுக்கே போகிற நாய்க்குக் கூட விளக்கம் கேட்பார்கள், எடிட்டிங்கில் அந்த ஷாட்டுகளைக் குறித்து வையுங்கள். அப்பா பீடி பிடிப்பவர் என்றால் தொடக்கத்திலும் இடைவேளையிலும் 30 விநாடிப் புகையிலை எதிர்ப்புப் படம், 20 விநாடி அறிவிப்பு, புகைக்கும் காட்சி முழுக்க கீழே எழுத்து. இப்படி நிதானமான படத்தில் அந்த எழுத்து கண்ணைப் பறித்துவிடும். பீடிக்குப் பதில் வெற்றிலை கொடுத்தாலும் புகையிலை சேர்ந்தால் அதே விதிதான்.

டி.சி.பி. 90 நிமிடம் 2கே, உச்ச அளவான விநாடிக்கு 250 மெகாபிட்டில் போட்டாலும் 180 ஜி.பி.க்குள் அடங்கும். முதல் டி.சி.பி.யை ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் ஓட்டிப் பாருங்கள். ஒலி மட்டமும் சப்டைட்டில் எழுத்தளவும் அங்கேதான் தெரியும்.

பையன் விஷயம்: குழந்தைத் தொழிலாளர் விதிகளின் 2017 திருத்தப்படி படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் மாவட்ட ஆட்சியர் அனுமதி தர வேண்டும். நீங்கள் எடுப்பது இரண்டு இடம், ஆகவே தெற்கு அந்தமானில் ஒன்று, செட் போடும் கடலூரிலோ புதுச்சேரியிலோ இன்னொன்று. உறுதிமொழிப் படிவத்தோடு பெற்றோர் ஒப்புதல், பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயர். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது, தொடர்ந்து 27 நாளைத் தாண்டக் கூடாது. படிப்பு கெடக் கூடாது. அவன் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். 5 மணி நேரம் என்பதில் ஒப்பனை, காத்திருப்பு எல்லாம் சேரும் என்று வைத்தே அட்டவணை போடுங்கள். அங்கே விடிகிற நேரத்தைப் பார்த்தால் அவனை 5.30க்கு அழைத்து 10.30க்கு அனுப்பிவிடலாம். பள்ளி நாட்களில் அதுவும் முடியாது, ஆகவே அவன் காட்சிகளை ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறையிலும் முதலில் நிரப்பிவிட்டு, பிறகு பெரியவர்களின் நாட்களைச் சுற்றி அடுக்குங்கள். 11 நாளில் 2 ஞாயிறாவது விழும்படி பயணத் தேதியை இப்போதே நகர்த்திக்கொள்ளுங்கள்.